கேட்காதவளின் பங்கு

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. கிரிம்ஸ்பி துறைமுக நகரின் மீன் தொழிற்சாலை உணவறையில் காலை பத்து மணி இடைவேளை. கார்ல் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கைபேசியில் தன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தான். விடியற்காலையில் சம்பளம் ஏறியிருந்தது. ஆயிரத்து நானூற்று அறுபது பவுண்டு. ரொட்டித்தூளில் புரண்டு வரும் மீன் துண்டுகளைத் தட்டில் அடுக்கியபடி அவன் நின்றிருந்த நாலு மணி நேரத்துக்குள் அதில் ஐந்நூற்றுப் பதினொன்று போய்விட்டிருந்தது. கார் தவணை, இரண்டு கிரெடிட் கார்டு, சோபாவும் டிவியும் வாங்கிய கடையின் தவணை, இணையத்தில் எடுத்த அவசரக் கடன். எல்லாமே தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான்.

மீதியை மனசுக்குள் பிரித்தான். வாடகை நானூற்று எழுபத்தைந்து. நகராட்சி வரி தொண்ணூற்றைந்து. மின்சாரத்துக்கும் கேஸுக்கும், பணம் தீர்ந்தால் நின்றுவிடும் மீட்டரில் போட நூற்றுப் பத்து. பெட்ரோல், போன். வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் வாசலுக்கு வந்து நிற்கும் வட்டிக்காரர் பிரையனுக்கு வாரம் இருபது. அப்புறம் சாப்பாடு. எப்படிப் பிரித்தாலும் மேஸிக்கு அனுப்ப வேண்டிய இருநூற்று முப்பத்தாறு பவுண்டு வரவில்லை.

மேஸி அவன் மகள். பத்து வயது. அவனும் ஷெல்லியும் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. அந்தத் தொகையை, பிரிந்துபோன பெற்றோரிடம் பிள்ளைச் செலவை வசூலித்துத் தரும் அரசாங்க அலுவலகம் அவனுடைய போன வருஷச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டு நிர்ணயித்திருந்தது. போன வருஷம் வாரம் தவறாமல் ஓவர்டைம் இருந்தது. ஜனவரியில் ஓவர்டைமை அடியோடு நிறுத்திவிட்டார்கள். அதை அந்த அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சொன்னால் கேள்வி கேட்பார்கள், கேள்வி கேட்டால் மற்ற கடன் எல்லாம் வெளியே வரும் என்ற பயத்தில் மே மாதம் வரை தள்ளிக்கொண்டே வந்திருந்தான்.

“என்னடா மாப்ள, போனுக்குள்ள எவனோ செத்துக் கிடக்குற மாதிரி பாக்குறே?” என்று கேட்டபடி டெர்ரி எதிரில் வந்து உட்கார்ந்தான். இருபது வருஷமாக அதே உற்பத்தி வரிசையில் வேலை செய்பவன். இரண்டு தடவை விவாகரத்து ஆனவன் என்பதால் இந்த விஷயத்தில் தன்னை ஒரு வக்கீலாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

“மேஸி பணம் இடிக்குது.”

“ஷெல்லிதானே? அவ பாவம், ஒண்ணும் சொல்ல மாட்டா. கார்டுக்காரன் அப்படியா? ஒரு நாள் லேட்டானா அபராதம், ரெண்டு நாள் லேட்டானா போன். மொதல்ல கடிக்கிற நாயைக் கவனி.”

 ஐந்து மாதமாகக் கார்ல் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். ஷெல்லிக்கு ஒரு குறுஞ்செய்தி அடித்தான். ‘இந்த மாசமும் அறுபதுதான் முடியுது. ஓவர்டைம் இல்ல. அடுத்த மாசம் சேத்துத் தந்துடறேன்.’

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. ‘சரி.’

அவளிடமிருந்து எப்போதும் அந்த ஒரே சொல்தான் வரும். அது வந்தவுடன் அவனுக்கு ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள் வேறு எண்ணிலிருந்து போன் துடிக்க ஆரம்பித்துவிடும். மாதத் தவணை போனாலும் பழைய பாக்கிக்காக விடாமல் கூப்பிடும் கார்டு நிறுவனங்களின் எண்கள் அவனுக்கு மனப்பாடம். காலை எட்டு மணிக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் எண்ணைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் மறுபடி பைக்குள்ளேயே போட்டுவிடுவான். வீட்டுக் கதவில் தபால் விழும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவான். பழுப்பு உறைகளைப் பிரிக்காமல் காரில் முன்சீட்டுக்கு எதிரே உள்ள முன்பெட்டியில் திணித்து வைத்திருந்தான். வீட்டில் இருந்தால் சனிக்கிழமை இரவு தங்க வரும் மேஸி பார்த்துவிடுவாளே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உண்மையில் அவன்தான் அவற்றைப் பார்க்க விரும்பவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை சம்பளப் பிரிவிலிருந்து பவுலின் அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.  ஆட்குறைப்பு என்றுதான் நினைத்தான்.

“வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல, கார்ல். உன் பொண்ணு விஷயமா ஒரு உத்தரவு வந்திருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து நாங்களே உன் சம்பளத்துல பிடிச்சு அனுப்பணுமாம்.”

“எவ்வளவு?”

“மாசப் பணம், பாக்கியில ஒரு பங்கு, அப்புறம் அவங்க வசூல் பண்ணித் தர்றதுக்கு ஒரு கட்டணம். எல்லாம் சேத்து முந்நூத்து முப்பத்தெட்டு.”

அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முந்நூற்று முப்பத்தெட்டு. அப்படியானால் வாடகை?

“உனக்கு ஏற்கெனவே கடிதம் போட்டிருப்பாங்களே,” என்றாள் பவுலின். “மூணு தடவையாவது எழுதியிருப்பாங்க. நீ ஒரு போன் பண்ணிப் பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

 திரும்ப வரிசையில் போய் நின்றபோது கை தானாக வேலை செய்தது. மனசு ஒரே இடத்தில் சுற்றியது. ஷெல்லி புகார் கொடுத்திருக்கிறாள். ‘சரி, சரி’ என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய்க் குழி பறித்திருக்கிறாள். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் கோட்டைக்கூட மாட்டாமல் காரை எடுத்தான். துறைமுகத்துப் பக்கமிருந்து அடித்த காற்றில் கடற்பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. கிரிம்ஸ்பியின் அந்தக் குறுகலான தெருவில், அவள் வீட்டு வாசலில் இரண்டு சக்கரம் நடைபாதையில் ஏற, காரை நிறுத்தினான்.

ஷெல்லி முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். மதிய வேலைக்கும் சாயங்கால வேலைக்கும் நடுவில் வீட்டுக்கு வந்திருந்தாள். நீலச் சீருடையோடு சமையல் மேடையில் சாய்ந்து நின்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“உள்ள வா. கதவை மூடு, குளிருது.”

“என்னை ஃபேக்டரி முழுக்க நாறடிச்சுட்டே, ஷெல்லி. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக்கூடாதா? ஒவ்வொரு மாசமும் சரி சரின்னு அனுப்பினியே.”

“அனுப்பினேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்னு நாலு மாசம் அனுப்பினேன். அந்த ஆபீஸ்லேர்ந்து ‘பணம் ஒழுங்கா வருதா’ன்னு கேட்டப்போ வருதுன்னு பொய் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன். ஏப்ரல் கடைசியில நீ மறுபடியும் அறுபது அனுப்பினே பாரு, அன்னிக்கு மீட்டர்ல ஒரு பவுண்டு நாப்பது இருந்துச்சு. அடுத்த திங்கக்கிழமை காலையில கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிட்டேன். அவங்க உனக்கு மூணு கடிதம் போட்டிருக்காங்க, நீ ஒண்ணுக்கும் பதில் போடல. அதான் உத்தரவு போட்டுட்டாங்க.”

“என்கிட்ட இல்லாதப்போ நான் எங்கேர்ந்து கொடுக்கறது?”

“இல்லையா?” அவள் குரலை உயர்த்தவில்லை. “சம்பளம் வந்ததுல யாருக்கெல்லாம் கொடுத்தே? சொல்லு. சும்மா கேக்குறேன்.”

அவன் சொன்னான். கோபத்தில் விரல் விட்டுச் சொன்னான். கார், இரண்டு கார்டு, சோபாக் கடை, இணையக் கடன், பிரையன்.

“ஆறு பேர்,” என்றாள் ஷெல்லி. “ஆறு பேருக்கும் முழுசா போச்சு. அந்த வரிசையில உன் பொண்ணு பேரு எங்க இருக்கு?”

“அவங்க விட மாட்டாங்க, ஷெல்லி. உனக்குத் தெரியாது. நாளைக்கு ஆறு தடவை போன். பிரையன் வாசல்ல நின்னுக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி பேசுவான்.”

“தெரியும். அதனாலதான் அவங்களுக்குக் கிடைக்குது. நாங்க பேசல, அதனால எங்களுக்குக் கிடைக்கல.”

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கோபம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை. ஷெல்லி தண்ணீர் கெட்டிலின் சுவிட்சைத் தட்டினாள். 

“இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்,” என்றாள் அவனுக்கு முதுகைக் காட்டியபடி. “ஜூன்ல ஸ்கூல்லேர்ந்து மூணு நாள் மலைப் பக்கம் கூட்டிட்டுப் போறாங்க. அவ வகுப்புப் பசங்க எல்லாரும் போறாங்க. நூத்தி அறுபத்தஞ்சு பவுண்டு. நான் மெதுவா சேத்துடலாம்னு இருந்தேன். போன வாரம் டீச்சர் கூப்பிட்டு, மேஸிக்கு பஸ்ல போனா ரொம்ப வாந்தி வருமாமே, டாக்டர்கிட்ட காட்டினீங்களான்னு கேக்குறாங்க.”

“அவளுக்கு எப்பவும் வந்ததில்லையே.”

“இல்ல.”

“போன வருஷம் கார்ல ஸ்கார்பரோ வரைக்கும் போனோம். வழியெல்லாம் சிப்ஸ் தின்னுக்கிட்டு வந்தா.”

“அதான் சொல்றேன், கார்ல். காசு கேக்க வேண்டி வருமேன்னு அவளே ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சிருக்கா. என்கிட்டயும் கேக்கல, உன்கிட்டயும் கேக்கல. டீச்சர்கிட்ட போயி, தனக்கு வர விருப்பம் இல்லாத மாதிரி சொல்லியிருக்கா. நான் கேட்டதுக்கு, ‘ஆமாம்மா, எனக்கு நிஜமாவே குமட்டும்’ங்கறா. என் முகத்தைப் பாத்துச் சொல்றா.”

கெட்டில் அணைந்தது. இருவரும் டீ போடவில்லை. கார்ல் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். ஐந்து மாதமாக அவன் போனில் சொன்ன பொய்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. செக் வந்துகொண்டிருக்கிறது, பேங்க்கில் ஏதோ கோளாறு, அடுத்த வாரம் கட்டாயம். பணத்துக்குப் பயந்து பொய் சொல்வது எப்படி என்று அவன் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பத்து வயதுப் பெண் தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்ணட்டும், சொல்லு,” என்றான் கடைசியில்.

“எனக்குத் தெரியாது. நான் கணக்குல உன்னைவிட மோசம். வியாழக்கிழமை லைப்ரரியில ஒருத்தங்க வர்றாங்க. கடன் பத்தி இலவசமாப் பேசுவாங்க. நான் பாத்துக்குற ஒரு அம்மாவோட பையன் போயிருக்கான். போய்ப் பாரு. அந்த ஆபீஸுக்கும் மொதல்ல போன் பண்ணு. சம்பளம் குறைஞ்சுதுன்னா அவங்ககிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?”

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கிளம்பினான். லைப்ரரி வாசலில் காரை நிறுத்திவிட்டு, தெரிந்தவர்கள் யாராவது போகிறார்களா என்று பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முன்பெட்டியைத் திறந்து உறைகளை ஒரு கடைப் பையில் கொட்டிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளறையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பெயர் ஃபரீதா. நல்ல ஜலதோஷம் அவளுக்கு. கையில் டிஷ்யூவோடு, “மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் தள்ளியே உட்காருங்க,” என்றாள். அவன் பையை மேசையில் வைத்தபோது அவள் முகம் சுளிக்கவில்லை. “இவ்வளவுதானா? போன வாரம் ஒருத்தர் சூட்கேஸ்ல கொண்டாந்தாரு.”

அவனுக்குப் பல நாள் கழித்து லேசாகச் சிரிப்பு வந்தது.

அவள் ஒவ்வொரு உறையாகக் கிழித்து இரண்டு குவியலாக வைத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. மொத்தக் கடன் ஒன்பதாயிரத்து நானூறு பவுண்டு. அந்த எண்ணை அவன் இதுவரை கூட்டிப் பார்த்ததே இல்லை. காதில் விழுந்தபோது தலை சுற்றியது. ஆனால் சுற்றி முடிந்த பிறகு, அது ஒரு எண், அதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்று பட்டது.

“இங்க பாருங்க,” என்றாள் ஃபரீதா, சின்னக் குவியலைத் தட்டி. “வாடகை, நகராட்சி வரி, கரண்டு, கேஸ், உங்க பொண்ணோட பணம். இதுல எது தவறினாலும் வீடு போகும், இருட்டாகும், இல்லாட்டி சம்பளத்துல பிடிப்பாங்க. இதை மொதல்ல கட்டணும். இந்தப் பெரிய குவியல்ல இருக்கறவங்கதான் நாள் பூரா போன் பண்றவங்க. ஆனா இவங்க அதிகபட்சம் என்ன பண்ண முடியும்? கோர்ட்டுக்குப் போவாங்க. கோர்ட்டும் உங்களால எவ்வளவு முடியுமோ அதைத்தான் கட்டச் சொல்லும். நீங்க இதைத் தலைகீழாப் பண்ணிட்டிருக்கீங்க.”

“அவங்க மிரட்டுறாங்க.”

“மிரட்டத்தான் செய்வாங்க. அது அவங்க வேலை. நாம எல்லாருக்கும் ஒரே மாதிரி கடிதம் எழுதுவோம். வரவு இது, செலவு இது, மாசம் இவ்வளவுதான் முடியும். அவ்வளவுதான்.”

அங்கிருந்தே அவள் தொலைபேசியில் அரசு அலுவலகத்தைக் கூப்பிட வைத்தாள். நாற்பது நிமிஷம் காத்திருப்பு இசை கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு தடவை வைத்துவிடலாம் என்று பார்த்தான். ஃபரீதா தன் காகிதங்களிலிருந்து நிமிராமலே “வைக்காதீங்க” என்றாள். கடைசியில் எடுத்தவர் சாதாரணமாகப் பேசினார். சம்பளச் சீட்டுகளை அனுப்பச் சொன்னார். அவனது சம்பளம் கால் பங்குக்கு மேல் குறைந்திருப்பதால் மாதத் தொகை நூற்று எழுபத்தைந்தாகக் குறையும் என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் சுட்டது. இந்தக் குறைப்பு அவன் சொன்ன இன்றிலிருந்துதான். ஜனவரியிலிருந்து ஓடிய ஐந்து மாதத்துக்கும் பழைய கணக்கின்படி உள்ள பாக்கியைக் கட்டியே ஆக வேண்டும்.

“ஜனவரியிலேயே ஒரு போன் பண்ணியிருந்தா இருநூறு முந்நூறு பவுண்டு மிச்சமாயிருக்கும்,” என்றான் கார்ல், ரிசீவரை வைத்துவிட்டு.

“ஆமா,” என்றாள் ஃபரீதா.  மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தாள்.

எல்லாம் சட்டென்று நேராகிவிடவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்தான். தவணையில் பாதிக்கு மேல் கட்டியிருந்ததால் சட்டப்படி அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. பழைய சைக்கிள் ஒன்றை நாற்பது பவுண்டுக்கு வாங்கி, துறைமுகக் காற்றை எதிர்த்து மிதித்து வேலைக்குப் போனான். ஒரு கார்டு நிறுவனம் மாதம் பதினைந்துக்கு ஒத்துக்கொண்டது. இன்னொன்று ஒத்துக்கொள்ளாமல் வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது.  இந்த முறை அதைக் கதவருகிலேயே நின்று பிரித்துப் படித்தான். பிரையன் வாசலில் வந்து குரலை உயர்த்தியபோது, “வாரம் அஞ்சு. எழுதிக் கொடுத்திருக்கேன், படிச்சுப் பாருங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். சாத்திய பிறகு தாழ்ப்பாளையும் போட்டான்.

ஜூன் மாதப் பயணத்துக்குப் பணம் கட்டும் கெடு முடிந்துவிட்டிருந்தது. பள்ளியில் கேட்டுப் பார்த்தார்கள், இடமில்லை. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிப் போன அந்த மூன்று நாளும் மேஸி நாலைந்து பிள்ளைகளோடு வேறொரு வகுப்பில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை, அப்பாவும் மகளும் பஸ்ஸின் மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போது, கார்ல் மெதுவாகச் சொன்னான்.

“மேஸி, உனக்கு பஸ்ல குமட்டாது. எனக்குத் தெரியும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் சிவந்தது.

“அது உன் தப்பு இல்லம்மா. நான் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கல. அதனால நீ பொய் சொல்ல வேண்டி வந்துச்சு. இனிமே உனக்கு ஏதாவது வேணும்னா கேளு. சில தடவை முடியாதுன்னு சொல்லுவேன். ஆனா நீ கேக்கணும்.”

 இறங்குவதற்கு மூன்று நிறுத்தம் முன்னால், “என் ஷூ கடிக்குதுப்பா. ஈஸ்டர்லேர்ந்தே கடிக்குது,” என்றாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் டெர்ரி அவன் சைக்கிளைப் பற்றிக் கிண்டல் செய்துகொண்டிருந்தான். “காரை விட்டே, கார்டுக்காரனைப் பகைச்சுக்கிட்டே, உன் பேரு ஆறு வருஷத்துக்குக் கெட்டுப் போச்சு. எவனும் உனக்கு ஒரு டோஸ்டர்கூடக் கடனாத் தர மாட்டான். எல்லாம் எதுக்கு, முன்னாள் பொண்டாட்டிக்கு மாசா மாசம் முதல் ஆளாக் கட்டவா? விவரம் இல்லாதவன்டா நீ.”

கார்ல் தன் சாண்ட்விச்சை மறுபடி சுற்றி வைத்தான். இத்தனை நாளில் முதல் முறையாக அவன் டெர்ரியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினான்.

“அது ஷெல்லிக்குக் கட்டுறது இல்ல, டெர்ரி. மேஸியோடது. அஞ்சு மாசமா யார் கத்தினாங்களோ அவங்களுக்குக் கொடுத்தேன். வாசல்ல வந்து நின்னவனுக்குக் கொடுத்தேன், போன்ல மிரட்டினவனுக்குக் கொடுத்தேன். என் பொண்ணு கத்தல. சின்னதாப் போன ஷூவுக்குள்ள காலை மடக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டு இருந்தா. சம்பளம் குறைஞ்சா குறைஞ்சுதுன்னு உரிய இடத்துல சொல்லணும், மறைக்கக் கூடாது. பிள்ளையோட பங்கை மொதல்ல எடுத்து வைக்கணும். கடன்காரன் காத்திருப்பான். பத்து வருஷம் ஆனாலும் அவனுக்கு மெதுவாக் கட்டி முடிச்சுடலாம். ஆனா என் பொண்ணுக்குப் பத்து வயசு இந்த ஒரு வருஷம்தான். அதுக்குத் தவணை கிடையாது.”